பழைய அலமாரிக்குப் புதுவாழ்வு



நம்முடைய தோட்டத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வந்து நாம் குடியேறிய மலிவு விலை வீடுகளிலும் பெரும்பாலும் ஒரே ஒரு நல்ல அலமாரிதான் இருக்கும். கல்யாணப் பட்டும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும், பள்ளிச் சான்றிதழும், ஊழியர் சேமநிதிக் கடிதமும் அதற்குள்தான் இருக்கின்றன. சில வருடங்கள் சென்றதும் அந்த அலமாரியின் அடிப்பக்கத்தில் ஓரம் பிளந்து, மெல்லிய பட்டை ஒன்று நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. துடைக்கும்போது துணி அதில் மாட்டி ஒரு சில்லு பெயர்கிறது. விளையாடும் பிள்ளை இன்னொரு சில்லைக் கிள்ளி எடுக்கிறது. நாளடைவில் அலமாரியின் முகம் சொறி பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? “அலமாரி கெட்டுப் போய்விட்டது” என்று சொல்கிறோம்.

கெட்டது அலமாரியா, அல்லது அதன் மேல்தோல் மட்டுமா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நாம் வீட்டுக்கு வெளியே தூக்கிப் போடும் மரச்சாமான்கள் எத்தனையோ. எனவே, மேல்தோல் உரிந்த மரச்சாமானை வீட்டிலேயே செப்பனிடுவது எப்படி, எதைச் செப்பனிடலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் இந்த மேல்தோல் என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். தேக்கு, நியாத்தோ போன்ற அழகிய மரங்களை முழுப் பலகையாக வைத்து அலமாரி செய்தால் விலை மிகவும் கூடிவிடும். பாரமும் அதிகமாகும். ஆகவே மலிவான பலகையில் அலமாரியைச் செய்து, அதன் மேல் நல்ல மரத்தின் மெல்லிய ஏட்டை ஒட்டுகிறார்கள். இந்த ஏட்டைத்தான் தச்சர்கள் வெனீர் என்று சொல்கிறார்கள். ஆலையில் இதை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். ஊற வைத்த மரத்துண்டைச் சுழலவிட்டு, நீண்ட கத்தியை அதன்மேல் வைத்து, பாயைச் சுருள் விரிப்பதுபோல் உரித்தெடுப்பது ஒரு முறை. கட்டையை நிறுத்தி வைத்து, ஏடு ஏடாகச் சீவி எடுப்பது மற்றொரு முறை. இன்றைய மரச்சாமான்களில் இந்த ஏட்டின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, அதாவது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான் இருக்கும். கையால் அறுத்து ஒட்டிய பழங்காலச் சாமான்களில் இதைவிடக் கனமாக இருக்கும்.

இது ஏமாற்று வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். எகிப்து நாட்டில் துட்டன்காமுன் என்ற இளம் மன்னனின் கல்லறையை 1922-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கல்லறையில் இருந்த பெட்டிகளிலும்கூடக் கருங்காலி மரத்தையும் யானைத் தந்தத்தையும் மெல்லிய ஏடுகளாக ஒட்டியிருந்தார்கள். அரசன் வீட்டுப் பெட்டிக்கே அந்த முறை என்றால், நம் வீட்டு அலமாரிக்கு அதில் என்ன குறை?

பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேலையின் நுட்பம் எளிதில் விளங்கும். ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் நாம் சீவுகிறோம். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும். மேலோடு போனால் பால் வராது. வெனீரோ அந்தச் சீவலில் பாதிகூடக் கனமில்லாதது. பட்டையைக் காயப்படுத்தாமல் சீவத் தெரிந்த கைக்கு, வெனீரைக் கிழிக்காமல் தூக்கவும் ஒட்டவும் தெரியாமல் போகாது.

இன்னொரு செய்தியும் உண்டு. நாம் பால் எடுத்த அந்த மரமே இப்போது நம் வீட்டுக்குள் மேசையாகவும் நாற்காலியாகவும் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் 25, 30 வருடங்கள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை வெட்டிச் சூளைக்கும் அடுப்புக்கும் விறகாக எரித்தார்கள். ஏனென்றால், வெட்டிய சில நாட்களிலேயே அந்தக் கட்டையில் பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைத்துவிடும். போரான் மருந்தை அழுத்தம் கொடுத்துக் கட்டைக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வழக்கத்திற்கு வந்த பிறகு அது தளவாடத் தொழிலுக்கு ஏற்ற மரமாயிற்று. 1980-ஆம் ஆண்டுகளில் அந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரம் இன்று அதற்குப் பேர்போன ஊர். வெனீருக்கு அடியில் இருக்கும் உட்பலகையும் பல வேளைகளில் ரப்பர் மரத்தை நாராக்கியோ துண்டாக்கியோ அழுத்திச் செய்ததுதான். ஆகவே நாம் செப்பனிடப் போவது நமக்கு அந்நியமான பொருள் அன்று.

இனி வேலைக்கு வருவோம். கத்தியையோ பசையையோ கையில் எடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும்.

முதற்சோதனை, மேலே இருப்பது உண்மையான மரமா, அல்லது மரம்போல் அச்சடித்த காகிதமா என்பது. இக்காலத்து மலிவான அலமாரிகள் பலவற்றில் மர ரேகையை அச்சடித்த காகிதத்தையோ பிளாஸ்டிக் தாளையோதான் ஒட்டியிருக்கிறார்கள். உரிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மரமானால் நார் தெரியும். ரேகை வாட்டத்திலேயே பிளக்கும். காகிதமானால் எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி கிழியும். இன்னும் ஓர் அடையாளம்: ஒரே கணு, ஒரே வளைவு, அலமாரியின் இரண்டு மூன்று இடங்களில் அச்சு அசலாக வந்தால் அது காகிதம். காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் மறுபடி ஒட்டலாம். ஆனால் மணல் தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ரேகை முழுவதும் அழிந்து வெள்ளையாகிவிடும்.

இரண்டாம் சோதனை, உட்பலகை எப்படி இருக்கிறது என்பது. விரலால் தட்டிப் பாருங்கள். உறுதியான பலகையில் ‘டக்’ என்று கெட்டியான ஓசை வரும். வெனீர் விட்டுப்போன இடத்தில் வெறுமையான ஓசை வரும். நகத்தால் அழுத்தினால் உட்பலகை பொடிந்து உதிர்கிறதா? ஓரம் தண்ணீர் குடித்து, ரொட்டிபோல் உப்பியிருக்கிறதா? மாவு போன்ற தூள் கொட்டி, குண்டூசி முனை அளவு துவாரங்கள் இருக்கின்றனவா? மண் பூசிய கரையான் தடம் தெரிகிறதா? இவற்றில் எதுவும் இல்லையென்றால் மகிழ்ச்சி. உங்கள் அலமாரிக்கு உயிர் இருக்கிறது. தூளோ கரையானோ இருந்தால் முதலில் மருந்து; அதன் பிறகுதான் ஒட்டு.

அடுத்து, வெனீர் ஏன் உரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். காரணத்தைப் போக்காமல் ஒட்டினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் உரியும். மரம் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். மேல் ஏடு ஒரு திசையில் இழுக்க, உட்பலகை வேறு திசையில் இழுக்க, நடுவில் இருக்கும் பசை அலுத்துப்போய்க் கைவிட்டுவிடுகிறது. நம் நாட்டின் காற்றில் எப்போதும் ஈரம் மிகுதி. அதோடு நாம் தரையைக் கழுவும் தண்ணீரும், கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் மழையும், வெள்ளம் புகுந்த வீடானால் அந்த நீரும் சேர்ந்துகொள்கின்றன. சூடான சட்டியை அப்படியே மேசைமேல் வைப்பதும், சன்னல் வழியாக நாள் முழுதும் வெயில் அடிப்பதும் இன்னொரு பக்கம். ஆகவே அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் குமிழோ, ரப்பர்த் துண்டோ கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். கூரை ஒழுகினால் முதலில் கூரையைப் பாருங்கள்.

இனி தேவையான பொருள்களைச் சொல்கிறோம். மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை ஒரு சிறு புட்டி. இரும்புக் கடையில் கிடைக்கும். மெல்லிய கத்தி அல்லது சவர அலகு, 180-ஆம் எண், 240-ஆம் எண் மணல் தாள், ஒட்டும் காகித நாடா, மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய ஊசிக்குழல் ஒன்று, பழைய துணி, தட்டையான பலகைத் துண்டு, பிளாஸ்டிக் பை. இறுக்குவதற்கு கிளாம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பத்துக் கிலோ அரிசிப் பையும், செங்கல்லும், தண்ணீர் நிரப்பி மூடிய வாளியும் போதும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த மேசைக்காலில் அதை இழுத்துச் சுற்றிக் கட்டினால், எந்த கிளாம்பும் கொடுக்காத சீரான இறுக்கத்தை அது கொடுக்கும்.

முதல் வகைப் பழுது, ஓரம் கிளம்பி நிற்பது. இதுதான் அதிகம் காணப்படுவது. சரிசெய்ய எளிதானதும் இதுவே. கிளம்பிய ஏட்டை அவசரப்பட்டு மேலே வளைக்காதீர்கள், முறிந்துவிடும். காய்ந்து விறைத்திருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு வைத்தால் இளகும். பிறகு மெல்லிய கத்தியை உள்ளே விட்டு, பழைய பசைத் துணுக்கையும் தூசியையும் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். இந்தச் சுரண்டல்தான் வேலையின் பாதி. அழுக்கின்மேல் போட்ட பசை அழுக்கைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. சுரண்டிய பின் ஈரம் முழுதும் போகும்வரை காய விடுங்கள். ஒரு நாள் ஆனாலும் காத்திருங்கள்.

காய்ந்த பின், கத்தி முனையாலோ தடித்த காகிதத் துண்டாலோ பசையை உள்ளே மெல்லியதாகப் பரப்புங்கள். ஏட்டைப் படிய வைத்து, விரலால் உட்பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கி நீவுங்கள். மிகுதிப் பசை வெளியே வரும். அதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால், பிறகு வர்ணம் பூசும்போது அந்த இடம் மட்டும் வர்ணத்தைக் குடிக்காமல் வெளுத்து நிற்கும். அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் தட்டையான பலகை, அதன்மேல் பாரம் என்று வையுங்கள். பிளாஸ்டிக் பை வைக்காவிட்டால் மேலே வைத்த பலகையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதே நேரம் வரை தொடாதீர்கள். மழைநாளானால் இன்னும் அரைநாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாமான் மிகவும் பழையதாக, தாத்தா பாட்டி காலத்தில் வாங்கியதாக இருந்தால், அதில் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பழைய பசை இருக்கலாம். உள்ளே இருக்கும் பசைத் துணுக்கில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் பிசுபிசுத்தால் அது அந்தப் பசைதான். அதன்மேல் வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்காது. வெந்நீர்த் துணியால் பழைய பசை முழுவதையும் துடைத்தெடுத்து, காய வைத்து, பிறகு ஒட்டுங்கள்.

இரண்டாம் வகைப் பழுது, நடுவில் கொப்புளம் எழுவது. ஓரம் எல்லாம் ஒட்டியிருக்கும். நடுவில் மட்டும் தோசை உப்பியதுபோல் இருக்கும். இதற்கு முதலில் சூட்டைப் பயன்படுத்திப் பார்க்கலாம். கொப்புளத்தின்மேல் தடித்த துணியோ பழுப்புக் காகிதமோ விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில், ஆவி இல்லாமல், பத்துப் பதினைந்து விநாடி வைத்து எடுங்கள். உள்ளே இருக்கும் பசை சூட்டுக்கு இளகும் வகையாக இருந்தால் ஏடு கீழே படியும். உடனே பாரம் வைத்து, முழுதும் ஆறும்வரை விட வேண்டும். சூட்டோடு பாரத்தை எடுத்தால் கொப்புளம் மறுபடியும் எழும். அதிகச் சூடு வார்னிஷைக் கெடுத்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

சில ஆலைப் பசைகள் எவ்வளவு சூட்டுக்கும் இளகாது. அப்போது கொப்புளத்தின் நடுவே, மரத்தின் ரேகை ஓடும் வாட்டத்திலேயே, சவர அலகால் நேராக ஒரு கீறல் போடுங்கள். ரேகைக்குக் குறுக்கே கீறினால் தழும்பு என்றைக்கும் தெரியும். ரேகையோடு கீறினால் அதில் கலந்து மறைந்துவிடும். கீறல் வழியாக ஊசிக்குழலால் சிறிது தண்ணீர் கலந்த பசையை இரண்டு பக்கமும் செலுத்துங்கள். விரலால் நீவி, மிகுதியைத் துடைத்து, முன்சொன்னபடி பாரம் வையுங்கள். இரண்டு உதடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால், மேலே ஏறியதை மயிரிழை அளவு சீவிவிட்டுப் படிய வைக்கலாம். ஊசிக்குழலை வேலை முடிந்ததும் ஊசியை மூடிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

மூன்றாம் வகை, ஏடு பெயர்ந்து காணாமலே போன இடம். இதற்கு ஒட்டுத் துண்டு போட வேண்டும். துண்டு எங்கே கிடைக்கும்? அதே அலமாரியில் கண்ணுக்குப் படாத இடத்தில் கிடைக்கும். கதவின் அடியோரமோ, பின்பக்கச் சட்டமோ, இழுப்பறையின் உள்முகமோ பாருங்கள். அங்கிருந்து எடுத்தால் மரமும் நிறமும் ஒத்துப்போகும். ஒருவர் வீசி எறிந்த உடைந்த அலமாரியும் நமக்குப் புதையல்தான்.

துணிக்கு ஒட்டுப் போடும் நம் தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓட்டையை முதலில் சதுரமாக வெட்டிவிட்டுத் துணி தேடினால் அளவு பொருந்தாது. இங்கும் அப்படியே. முதலில் துண்டை வெட்டுங்கள். பழுதைவிடச் சற்றுப் பெரியதாக, சதுரமாக இல்லாமல் வாழையிலை நுனிபோல் இரு முனையும் கூர்மையாக, நீளம் ரேகை வாட்டத்தில் இருக்கும்படி வெட்டுங்கள். குறுக்குக் கோடு கண்ணை உறுத்தும். சாய்ந்த கோடு ரேகைக்குள் ஒளிந்துகொள்ளும். வெட்டிய துண்டைப் பழுதின்மேல் வைத்துக் காகித நாடாவால் அசையாமல் ஒட்டி, அதன் ஓரத்தை ஒட்டியே கத்தி முனையால் கீழே கோடு கிழியுங்கள். துண்டை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டிற்குள் இருக்கும் பழைய ஏட்டைச் சிறு உளியால் சுரண்டி எடுங்கள். இப்போது குழிக்கும் துண்டுக்கும் அளவு ஒன்றே. பசை பூசி, பொருத்தி, பாரம் வைத்து, மறுநாள் வரை விடுங்கள்.

காய்ந்த பின் துண்டு சற்று மேடாக இருந்தால், மணல் தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, ரேகை வாட்டத்திலேயே தேய்க்க வேண்டும். முதலில் 180-ஆம் எண், பிறகு 240-ஆம் எண். சுற்றியுள்ள ஏடு அரை மில்லிமீட்டர் கனம்தான் என்பதை மறக்கக் கூடாது. பத்து முறை தேய்த்ததும் நிறுத்தி, விரலால் தடவிப் பாருங்கள். நிறம் திடீரென மாறி உட்பலகை தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

நிறம் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. மிச்சத் துண்டில் வர்ணத்தைத் தடவி, காய விட்டு, அலமாரியோடு வைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் தெரியும் நிறம் வேறு. முதலில் வெளிர் நிறமாகப் பூசுங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை பூசலாம். கருத்துப்போனதை வெளுக்க வைப்பதுதான் கடினம். அதன்மேல் வார்னிஷை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பூச வேண்டும். மழை பெய்யும் நாளில் இந்த வேலை வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் ஷெல்லாக்கும் லேக்கரும் பால் சிந்தியதுபோல் வெளுத்துப்போகும். வார்னிஷும் தின்னரும் தீப்பிடிக்கும் பொருள்கள். அடுப்பும், சாமி விளக்கும், சிகரெட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். மணல் தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவரியால் மூடிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கும் அறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நாம் ஆசை காட்ட விரும்பவில்லை. மரத்தூளும் சீவலும் சேர்த்து அழுத்திய சிப்போர்டு பலகை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதன்மேல் எவ்வளவு நல்ல வெனீர் ஒட்டினாலும் நிற்காது. அப்படியானால் முழு அலமாரியையும் எறிய வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலும் தரையோடு ஒட்டிய நான்கு விரல் உயரம்தான் உப்பியிருக்கும். தெரிந்த தச்சரிடம் சொல்லி அந்த அளவை அறுத்துவிட்டு, கெட்டியான மரச்சட்டத்தில் புதிய அடிக்கட்டு வைத்துக்கொள்ளலாம். பாரம் தாங்கும் பக்கப்பலகைகளே பொடிந்துவிட்டால் மட்டும் விட்டுவிடுங்கள். அப்போதும் கீல், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி, நல்ல வெனீர் ஏடு இவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றுக்கு உதவும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டில் நடக்கும் பேச்சை நாம் அறிவோம். “அப்பா, இது இனிமே வேலைக்கு ஆகாது. கடையில தவணைக்கு ஒண்ணு எடுத்திடலாம், மாசம் அம்பது வெள்ளிதானே?” என்பான் மகன். “எங்கம்மா என் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்ததுடா தம்பி” என்பார் தாய். தகப்பனார் ஒன்றும் சொல்லாமல் சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ‘ஐம்பது வெள்ளிதானே’ என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொக்க விலை 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50 வெள்ளி வீதம் 24 மாதம் கட்டினால் மொத்தம் 1,200 வெள்ளி. பொருளின் விலைக்குமேல் 200 வெள்ளி. இரண்டு வருடத்தில் ஒரு மாதம் நோயில் படுத்தாலும், மழையால் வேலைநாள் குறைந்தாலும் தவணை மட்டும் நிற்காது. இதற்கு எதிராக ஒரு புட்டிப் பசையும், இரண்டு மணல் தாளும், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் வைத்துப் பாருங்கள். மிச்சமாகும் பணம் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும்.

புதிய பொருள் வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாங்க வேண்டிய காலத்தில் வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத ஓர் ஏடு உரிந்ததற்காக இரண்டு வருடக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வதா என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்யுமுன் தட்டிப் பாருங்கள், சுரண்டிப் பாருங்கள், உட்பலகையைச் சோதித்துப் பாருங்கள். பார்த்தபின் வாங்குவது தெளிவு. பாராமல் வாங்குவது வீண்.

இந்த வேலையை ஆண்கள்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பசை தடவுவதற்கும் நீவுவதற்கும் பலத்தைவிடப் பொறுமைதான் வேண்டும். பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். பசையைத் துடைப்பதும், ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதும் பிள்ளைகள் வேலையாக இருக்கட்டும். உடைந்தது ஏன் உடைந்தது என்று கேட்கப் பழகும் பிள்ளை, நாளைக்குத் தச்சனாகவோ, பொறியாளனாகவோ, எதுவாகவோ ஆகும்போது அந்தப் பழக்கம் அதற்குக் கைகொடுக்கும். அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் செய்து கொடுக்கும் அளவுக்குக் கைதேர்ந்தால், அது சிறிய வருமானத்துக்கும் வழியாகும்.

முதல்முறையே பெரிய அலமாரியில் கைவைக்க வேண்டாம். ஒரு முக்காலியிலோ, பழைய இழுப்பறையிலோ பழகுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடி, பிறகு காய வை, பிறகு சுத்தம் செய், பிறகு ஒட்டு, பிறகு பாரம் வைத்துக் காத்திரு, கடைசியில்தான் மணல் தாளும் வர்ணமும். பெரும்பாலோர் தவறுவது காய வைப்பதிலும் காத்திருப்பதிலும்தான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று நம் பெரியவர்கள் சொன்னது, பசை காயும் அந்த ஒரு நாளுக்கும் பொருந்தும்.

இந்த வாரம் உங்கள் வீட்டு மரச்சாமான்களை ஒருமுறை தட்டிப் பாருங்கள். வெறுமையான ஓசை எங்கே வருகிறது என்று சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டு வையுங்கள். ஓரம் சிறிதாகக் கிளம்பியிருக்கும்போதே ஒட்டிவிட்டால், ஒட்டுத் துண்டு தேட வேண்டிய நாள் வராது.